வாயில் குண்டூசி

ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்

அன்பு மகனுக்கு அப்பா எழுதறது. இங்க நான், அம்மா, உன் தங்கச்சி வாலு மூணு பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கோம், நீயும் அந்தக் குளிர் கிடங்குல கம்பளிச் சட்டையும் கையுறையும் கழட்டாம, வேளாவேளைக்குச் சாப்பிட்டு சௌக்கியமா இருக்கணும். உடம்புக்குக் குறை இல்லன்னுதான் எழுதியிருக்கேன், அதைக் கவனி. மூணு நாளா போன் போட்டுப் பாத்திருப்பே, சுவிட்ச் ஆஃப்னு வந்திருக்கும். வெள்ளிக்கிழமை மாமா போன்லேர்ந்து கூப்பிட்டு நம்ம போன் ரிப்பேர்னு சொன்னேன் இல்லையா, அது பொய். நம்ம போன் போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கு. பதறாதே, போன் மட்டும்தான் அங்க இருக்கு, நாங்க எல்லாரும் வீட்லதான் இருக்கோம். மாமா பக்கத்துலயே காதைத் தீட்டிக்கிட்டு நின்னார், அவர் காதுல விழுந்தா ஊருக்கே டமாரம் அடிச்ச மாதிரி, அதான் அப்போ ஒண்ணும் சொல்லல. லெட்டர் எழுதி எத்தனை வருஷம் ஆச்சுன்னு எனக்கே தெரியல. வீட்ல நல்ல பேப்பர் இல்ல, துணி வெட்டறதுக்கு வச்சிருக்கற பிரவுன் பேப்பர்ல எழுதறேன், ஒரு ஓரம் காலர் மாதிரி வளைஞ்சிருக்கும், அது காலரேதான்.

முதல்ல வீட்டு விஷயத்தைச் சொல்லிடறேன். நாளைக்கு ஸ்கூல் திறக்குது, அதனால ஒரு மாசமா யூனிஃபார்ம் வேலை கழுத்தைப் பிடிக்குது. ஒரு ஸ்கூல் இந்த வருஷம் பாவாடையிலேர்ந்து பேண்ட்டுக்கு மாறிட்டாங்க, நல்ல காரியம், ஆனா ஏற்கனவே வெட்டி வச்ச முப்பத்தாறு பாவாடையை நான் என்ன பண்றதுன்னு அவங்க சொல்லல. மிஷின் மோட்டார் ஒரு தடவை புகை விட்டுச்சு, இப்ப பரவாயில்ல. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான், மாடி ஏறாதேன்னா கேக்கறதில்ல. போன வாரம் ஒரு அம்மா கடைக்குச் சண்டைக்கே வந்துட்டாங்க, செவ்வாய்க்கிழமை தர்றேன்னு சொன்னீங்களே, எங்க என் பையன் சட்டைன்னு. நான் அப்படிச் சொல்லவே இல்ல. என் வாயில குண்டூசி இருந்திருக்கும். மடிப்புக்குக் குண்டூசி குத்தும்போது பத்துப் பன்னெண்டு ஊசியை உதட்டுல கவ்விக்கிட்டுத்தானே வேலை செய்வேன், உனக்குத் தெரியாததா. அந்த நேரத்துல யார் என்ன கேட்டாலும் ம்னுதான் சத்தம் வரும். ம்னா செவ்வாய்க்கிழமைன்னு அவங்களா எடுத்துக்கிட்டா அதுக்கு நான் பொறுப்பில்லன்னு சொல்லி அனுப்பினேன். இதை ஞாபகம் வச்சுக்கோ, அப்புறம் வருது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். லீவு விட்ட மறுநாள், அதாவது ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, நம்ம கடைக்கு இன்டர்நெட்ல ஒரு பக்கம் ஆரம்பிச்சேன். காலத்துக்கு ஏத்த மாதிரி இருக்கணும்னு நீதானே சொல்லிக்கிட்டே இருந்தே. வாலுவுக்குப் புது யூனிஃபார்மைப் போட்டு, கடை வாசல்லயே நிக்க வச்சு, முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டுன்னு மூணு போட்டோ எடுத்தேன். தையல் தெரியணும் பாரு. பேட்ஜ் பளிச்சுனு வந்திருந்தது, ஸ்கூல் பேரைக் கண்ணாடி போடாமயே படிக்கலாம். கடை போர்டும் விழுந்திருந்தது. கீழ என்ன எழுதினேன் தெரியுமா, போட்டிருப்பது எங்கள் மகள், தைத்தது நாங்கள், கடைக்குப் பின்னால்தான் வீடு, எப்போது வேண்டுமானாலும் வரலாம்னு எழுதினேன். மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு பேர் லைக் போட்டாங்க. சாப்பிடும்போதெல்லாம் எடுத்து எடுத்து எண்ணிப் பாத்துக்கிட்டேன். ஒரு அயோக்கியனுக்கு இதுக்கு மேல என்ன வேணும், பிள்ளை மூஞ்சி, ஸ்கூல், வீடு, வழி எல்லாத்தையும் நானே அளவெடுத்து வெட்டித் தச்சு அயர்ன் பண்ணிக் குடுத்திருக்கேன்.

நாலே நாள்ல அந்தப் பக்கத்துக்கு ஒரு மெசேஜ் வந்தது. எனக்குப் பதினஞ்சு வயசு, எனக்கு டிரெஸ் டிசைன்னா உயிர், அந்த யூனிஃபார்ம் காலர் ஓரத்துல இருக்கற சின்னப் பூ யார் போட்டதுன்னு ஒரு பொண்ணு கேட்டிருந்தா. அந்தப் பூவை வரைஞ்சது வாலு, நூல்ல எடுத்தது அம்மா. நான் என்ன பண்ணினேன், போனைத் தூக்கிக்கிட்டு உள்ள போயி, ஏய் வாலு, உனக்கு ரசிகை எல்லாம் வந்தாச்சு, நீயே பதில் போடுன்னு என் கையாலயே குடுத்தேன். யாரோ ஜன்னல் வழியா எட்டிக் குதிச்சு வந்தான்னு நினைச்சிடாதே. வாசல் வழியாத்தான் வந்தான், கதவைத் திறந்து விட்டவன் நான்.

அதுலேர்ந்து அந்தப் பொண்ணு வாலுவுக்கு அக்கா ஆயிட்டா. கொஞ்ச நாள்ல கடையோட இன்டர்நெட் பக்கத்துல பேச வேணாம், உங்கப்பா பாப்பார், வேற ஒண்ணுல பேசலாம்னு சொல்லி, டிரெஸ் வரையற விளையாட்டு ஒண்ணு இருக்காமே, அதுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போயிட்டா. சாயங்காலம் ஆறு மணிக்கு வாலு போனை எடுத்துக்கிட்டு மாடிப்படியில உக்காந்துடுவா. நாங்க என்ன நினைச்சோம், பொண்ணு படம் வரையுது, கண்ட தெருவைச் சுத்தல, கண்ணெதிர்லதான் இருக்குன்னு நிம்மதியா இருந்தோம். அக்கா தேனா பேசியிருக்கா. வரைஞ்ச படம் ஒவ்வொண்ணையும் பாத்து ஒவ்வொண்ணுக்கும் நாலு வரி எழுதியிருக்கா. உங்கப்பா தையல்காரர்தானே, இதெல்லாம் பாத்துட்டு என்ன சொன்னார்னு கேட்டிருக்கா. அப்பாவுக்கு வேலை ஜாஸ்தி, பாக்கறதில்லன்னு வாலு போட்டிருக்கா. போனாப் போகட்டும், நான் இருக்கேன்ல, நான் பாக்கறேன்னு அதுக்குப் பதில். ஸ்டேஷன்ல ஒரு போலீஸ் அம்மா இதை எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. வேற எதைப் படிச்சப்பவும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டேன், இதுக்கு மட்டும் எழுந்து வெளியில போயி தண்ணி குடிச்சுட்டு வந்தேன்.

இரு, வாலு கூப்பிடறா.

வந்துட்டேன். பென்சில் சீவ பிளேடு கேட்டா. நானே சீவிக் குடுத்தேன். எங்க விட்டேன், ஆமா. வியாழக்கிழமை காலையில அவளுக்கு ரெண்டாவது செட் யூனிஃபார்முக்கு அளவு எடுத்தேன். நம்ம அளவு நோட்டுல அவளுக்குன்னு ஒரு பக்கம் இருக்கில்ல, ஒண்ணாம் கிளாஸ்லேர்ந்து. டேப்பை இடுப்புல சுத்தினா இருபத்து நாலு. ரெண்டு மாசம் முன்னாடி இருபத்தஞ்சரை. டேப்பைத் திருப்பிப் போட்டுப் பாத்தேன், அதே இருபத்து நாலு. பன்னெண்டு வயசுல அளவு ஏறணும், இல்லாட்டி நிக்கணும், இறங்கறதுங்கறது கிடையாது. என்ன வாலு, சோத்தை எல்லாம் நாய்க்குப் போடறியான்னு கேட்டேன். சிரிக்கல. எழுதிக்கலாம்னு நோட்டைப் பிரிச்சா, நான் எழுதினதுக்குக் கீழ அவ கையெழுத்துல இன்னொரு பட்டியல், அக்கா கேட்டதுன்னு தலைப்புப் போட்டு, ஸ்கேல் வச்சு அடிக்கோடு போட்டு, என்னை மாதிரியே எழுதி வச்சிருக்கா. அக்கா ஒரு டிரெஸ் தச்சு அனுப்பப் போறாளாம். நான் அந்தப் பட்டியலைப் படிச்சேன். அதுல தோள் இல்ல. கை நீளம் இல்ல. கழுத்து இல்ல. அதை வச்சுக்கிட்டு ஒரு தலையணை உறை கூடத் தைக்க முடியாது. முப்பது வருஷமா அளவு எடுக்கறேன்டா, எந்த அளவை எதுக்குக் கேக்கறாங்கன்னு எனக்குத் தெரியும். அது தைக்கறதுக்குக் கேட்ட அளவு இல்ல. நோட்டை மூடி டேபிள் மேல வச்சு அதுமேல கையை வச்சுக்கிட்டு நின்னேன்.

யாரு இந்த அக்கான்னு கேட்டேன். மெதுவாத்தான் கேட்டேன்னு நான் நினைச்சேன், அம்மா சொல்றா தெருமுனை வரைக்கும் கேட்டுச்சாம். அவ்வளவுதான், பொலபொலன்னு அழ ஆரம்பிச்சுட்டா. அளவு வாங்கினதுக்கு அப்புறம் அக்கா போட்டோ கேட்டிருக்கா, முதல்ல சாதாரணமா, அப்புறம் வேற மாதிரி. மாட்டேன்னு சொன்னதும் அக்கா காணாமப் போயிட்டா, ஆம்பளை குரல்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கு. உன் ஸ்கூல் தெரியும், உங்க கடை தெரியும், திங்கட்கிழமை ஸ்கூல் திறக்கறதுக்குள்ள கேட்டதை அனுப்பல, இருக்கறதை எல்லாம் உன் கிளாஸ் பிள்ளைங்களுக்கு அனுப்பிடுவேன்னு. மூணு வாரமா இதை மனசுலயே வச்சுக்கிட்டு அது சாப்பிட்டிருக்கு, தூங்கியிருக்கு, கடைக்கு வந்து பட்டன் காஜாவுக்கு நூல் கோத்துக் குடுத்திருக்கு. இருக்கறதுன்னா என்ன இருக்கு அவன்கிட்டன்னு கேட்டேன். ஒண்ணும் இல்லப்பா, கடைப் பக்கத்துல நீங்க போட்ட போட்டோதான்னு சொன்னா. தரையைப் பாத்துக்கிட்டே சொன்னா. எங்ககிட்ட சொல்லக்கூடாதாம்மான்னு கேட்டேன் பாரு, அதுதான் நான் பண்ணின தப்பு. அவ அழுகையை நிறுத்திட்டு என்னை நிமிர்ந்து பாத்துச் சொன்னா, நான் உங்ககிட்ட கேட்டுட்டுத்தானேப்பா அளவு குடுத்தேன்னு. நீங்க பேண்ட்டுக்கு மடிப்பு குத்திக்கிட்டு இருந்தீங்க, அக்கா ஒருத்தி என் அளவு கேக்கறா குடுக்கட்டுமான்னு கேட்டேன், ம் சொன்னீங்க, யார்கிட்டயும் சொல்லாதேங்கறா, அது சரியான்னு கேட்டேன், அதுக்கும் ம் சொன்னீங்கன்னு. பொய் சொல்லல அவ. அந்த நாள் எனக்கு ஞாபகமே இல்ல, அதனாலதான் அது உண்மைன்னு தெரியுது.

போனை எடுத்து அயர்ன் பாக்ஸுக்குக் கீழ வச்சுடலாம்னு இருந்தது. இல்லாட்டி அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி டைப் பண்ணி அனுப்பலாம்னு ஆரம்பிச்சேன். வாலுதான் தடுத்தா. அழிக்கவும் கூடாது, பதில் போடவும் கூடாது, அப்படியே வச்சிருந்து நம்பகமான பெரியவர்கிட்ட காட்டணும்னு போன வருஷம் ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்களாம். எல்லாம் சரியாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க, அவளும் சரியாத்தான் படிச்சிருக்கா, நம்பகமான பெரியவர் வாயில குண்டூசியோட இருந்தா என்ன பண்றதுன்னு மட்டும் பாடத்துல வரலபோல. அப்படியே கடையைச் சாத்திட்டு மூணு பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம்.

அங்க இந்த மாதிரி விஷயத்துக்குன்னு தனியா ஒரு போலீஸ் அம்மா இருக்காங்க. பாத்ததும் எங்கயோ பாத்த முகமா இருந்தது, அப்புறம்தான் தெரிஞ்சுது, அவங்க பையன் நம்ம கஸ்டமர், இடுப்பு இருபத்தெட்டு, நீளம் முப்பத்தஞ்சு. நமக்கு ஆளைப் பேரால தெரியாது, அளவாலதானே தெரியும். வாலுவைத் தனியா உக்கார வச்சு ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சு வச்சுக்கிட்டு பேசினாங்க. ஒரு தடவை கூட ஏன்னு கேக்கல, அப்புறம் அப்புறம்னுதான் கேட்டாங்க. அது ஒரு ஆம்பளைதான், வயசானவனாக் கூட இருக்கலாம், இதே தேன் பேச்சு, இதே பதினஞ்சு வயசுன்னு இன்னும் ரெண்டு வீட்டுப் பிள்ளைங்களுக்கும் வந்திருக்குன்னு சொன்னாங்க. நம்ம பொண்ணுக்கு மட்டும்தான் விவரம் போதலன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், அதைக் கேட்டதும் எனக்கு ஆறுதலா இருந்தது, அப்புறம் ஆறுதலா இருந்ததுக்கு வெக்கமா இருந்தது. வெளியில வந்து எங்க ரெண்டு பேர்கிட்டயும் தனியா சொன்னாங்க. இவ இன்னும் முழுசும் சொல்லல, ஏதோ ஒண்ணு பாக்கி இருக்கு, ஒரு போட்டோ போயிருக்கலாம்னு நினைக்கறேன். எதுன்னு தெரிஞ்சா அது எங்கயும் பரவாம தடுக்க வழி இருக்கு, அந்த ஸ்கூல்லயும் முன்கூட்டியே பேசிடலாம். தெரியாட்டி அவன் கையில அது கத்தி. ஆனா நோண்டி எடுக்காதீங்க, அவளா வந்து சொல்லணும், சொல்லும்போது முகத்தைச் சுளிச்சுடாதீங்க, சுளிச்சா பாதியில நிறுத்திடுவா, அந்தப் பாதியிலதான் எல்லாம் இருக்கும்னு சொன்னாங்க. எந்த நேரமானாலும் கூப்பிடுங்கன்னு நம்பர் எழுதிக் குடுத்தாங்க. அன்னியிலேர்ந்து தினமும் கடை திறக்கறதுக்கு முன்னாடி டிரையல் ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு முகம் சுளிக்காம இருக்கப் பழகறேன். கெட்ட கெட்ட விஷயமா நினைச்சுக்கிட்டு முகத்தை நேரா வச்சுக்கணும். சொல்றதுக்கு லேசா இருக்கு.

போனைப் பாக்கும்போது உன் மெசேஜும் கண்ணுல பட்டுச்சு. சொல்ல வேணாம்னுதான் இருந்தேன், சொல்லாம இருந்தா அப்புறம் நானும் அக்கா மாதிரிதான். இந்த மூணு வாரத்துல அவ உனக்கு மூணு தடவை அண்ணா பிஸியான்னு போட்டிருக்கா. முதல் தடவை நீ கட்டை விரல் படம் அனுப்பியிருக்கே. ரெண்டாவது தடவையும் கட்டை விரல். மூணாவது தடவை டூட்டில இருக்கேன் அப்புறம்னு போட்டிருக்கே, அப்புறம் வரல. உன்னைத் திட்டறதுக்கு எழுதல. அந்தக் கிடங்குல அவ்வளவு குளிர்ல தடிக் கையுறையைப் போட்டுக்கிட்டு டைப் அடிக்க முடியாது, கட்டை விரலை அமுக்கத்தான் முடியும்னு எனக்குத் தெரியும். உனக்குக் கையில கையுறை, எனக்கு வாயில குண்டூசி, நம்ம குடும்பத்துல வேலை நேரத்துல யாருக்குமே பேச்சு வராது. அவனுக்கு மட்டும்தான் நாள் முழுக்க நேரம் இருந்திருக்கு. போன் வாங்கிக் குடுத்தது நீதான்னு மனசைப் போட்டு அலட்டிக்காதே, போன் என்ன பண்ணும். அதை வச்சுக்கிட்டு இருநூத்திப் பன்னெண்டு லைக்கை எண்ணினது யாரு.

மறுபடியும் கூப்பிடறா, இரு.

ஒண்ணும் இல்ல. சிவப்பு நூல் எங்கன்னு கேட்டா. நூல் அவ கண்ணெதிர்லயே இருந்தது. எடுத்துக் குடுத்தேன், கொஞ்ச நேரம் நின்னா, நானும் நின்னேன், உள்ள போயிட்டா. கேக்கலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு, கேக்கல.

அம்மாவைப் பத்தி எழுதல பாரு. ஸ்டேஷன்லேர்ந்து வந்த ரெண்டு நாளும் அம்மா ஒரு வார்த்தை பேசல. பேசாம உக்காந்து பட்டன் வச்சுக்கிட்டே இருந்தா. பதினாலு பையன் சட்டைக்குப் பொம்பளைப் பிள்ளை பக்கம் பட்டன் வச்சிருக்கா. நான் பிரிச்சுத் திரும்ப வச்சுக்கிட்டு இருக்கேன், அவகிட்ட சொல்லல. மாமா நேத்து சாயங்காலம் மோப்பம் பிடிச்சுக்கிட்டு வந்துட்டார், பாதி தெரிஞ்சுக்கிட்டு முழுசுக்கும் தீர்ப்பு சொன்னார். போனை உடைச்சுப் போடுங்க, பொம்பளைப் பிள்ளைக்குப் படம் என்ன வேண்டிக் கிடக்கு, ஸ்கூலை நிறுத்துங்க, வீட்டோட இருக்கட்டும்னு. வாலு திரைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தா. ரெண்டு நாளா வாயே திறக்காத அம்மா அப்போதான் திறந்தா. தப்பு பண்ணினவன் எங்கயோ ஜம்முனு உக்காந்திருக்கான், எம்பொண்ணு எதுக்குடா வீட்ல உக்காரணும், உன் போன்ல உன் பொண்ணு யார் யார்கிட்ட பேசறான்னு உனக்குத் தெரியுமா, உன் பூட்டு நம்பரே ஒண்ணு ரெண்டு மூணு நாலுதானேன்னு கேட்டா. மாமா டீ கூடக் குடிக்காமப் போயிட்டார். நேத்து ராத்திரியே நம்பரை மாத்திட்டாராம், இப்ப அவருக்கே மறந்துபோய் போன் திறக்கலன்னு அத்தை சொன்னா.

இனிமே என்னன்னு யோசிச்சு வச்சிருக்கேன். கடைப் பக்கத்துலேர்ந்து அவ போட்டோவை எடுத்தாச்சு, போலீஸ் அம்மா முன்னாடியே எடுத்துட்டேன். இப்ப அங்க ஒரு சட்டை ஹேங்கர்ல தொங்குது, பதினோரு பேர் லைக் போட்டிருக்காங்கன்னு பக்கத்து வீட்ல பாத்துச் சொன்னாங்க, போதும். நீ உன் இன்டர்நெட் பக்கத்துல போன வருஷம் தங்கச்சி பரிசு வாங்கினான்னு போட்டியே, அதையும் எடுத்துடு, அதுலயும் பேட்ஜ் தெரியுது. போன் திரும்பி வந்ததும் கடை டேபிள் மேலதான் இருக்கும், அவ படம் வரையட்டும், யார்கூட விளையாடறான்னு எனக்கும் சொல்லிக் குடுக்கட்டும், எனக்கு ஒண்ணும் புரியாது, இருந்தாலும் உக்காருவேன். உன்கூட வேலை பாக்கறவங்க பிள்ளை குட்டிங்களை ஊர்ல விட்டுட்டு வந்திருப்பாங்க, அவங்ககிட்டயும் சொல்லு. அம்மா அப்பாகிட்ட சொல்லாதேன்னு எவன் சொல்றானோ, எவ சொல்றாளோ, அதைத்தான் முதல்ல ஓடி வந்து சொல்லணும்னு பிள்ளைங்ககிட்ட சொல்லி வைக்கச் சொல்லு. ஓடி வர்ற நேரத்துல இவங்க என்ன பண்ணிக்கிட்டு இருப்பாங்கன்னும் கொஞ்சம் யோசிக்கச் சொல்லு. அப்புறம் அம்மா வெட்டுத் துணியில பஞ்சை அடைச்சு மணிக்கட்டுல கட்டிக்கற மாதிரி ஒண்ணு தச்சுக் குடுத்திருக்கா, குண்டூசி எல்லாம் இப்ப அதுலதான். முப்பது வருஷப் பழக்கம், இன்னும் ஊசியைத் தேடிக் கை உதட்டுக்குத்தான் போகுது. வாய் காலியா இருக்கு. கஸ்டமர் நாளைக்குக் கிடைக்குமான்னு கேட்டா கிடைக்காதுன்னு முழுசா சொல்ல முடியுது, வியாபாரத்துக்கு நல்லதில்ல.

மகனே, மூணாவது தடவை கூப்பிட்டா. கூப்பிடக் கூட இல்ல, திரையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு அப்பா வேலையா இருக்கீங்களான்னு கேட்டா. இல்லன்னு சொல்லி பேனாவை மூடி வச்சேன். அவ சொன்னதை இங்க எழுத மாட்டேன், அது அவ விஷயம். ஒண்ணு இருக்கு, போயிருக்கு, நீ அவ்வளவு தெரிஞ்சுக்கிட்டாப் போதும், மேல அவகிட்ட எதுவும் கேக்கக் கூடாது. நான் முகத்தைச் சுளிக்கல. அதுக்கு நல்லாப் பழகியிருந்தேன். கண்ல தண்ணி வந்துடுச்சு, அதுக்குப் பழகல. நீ சொன்னது நல்லதாச்சுடா கண்ணு, இதுல உன் தப்பு ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். ரெண்டு தடவை சொல்ல வேண்டியதாச்சு, முதல் தடவை சத்தமே வரல. அம்மா மிஷின் பக்கத்துலேர்ந்து எழுந்து வந்து அவளைக் கட்டிக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா, முட்டி வலியாவது ஒண்ணாவது. கொஞ்ச நேரம் கழிச்சு வாலு, யாருக்கு எழுதறீங்கன்னு கேட்டா. அண்ணனுக்குன்னு சொன்னேன். என்னைப் பத்தியான்னு கேட்டா. பேப்பரை அவ கையிலயே குடுத்துட்டேன். முழுசும் உக்காந்து படிச்சா. அம்மா பட்டன் மாத்தி வச்சது பதினாலு இல்ல பதினாறு, ரெண்டை நானே பிரிச்சு வச்சுட்டேன்னு சொன்னா. அப்புறம் இதை அனுப்பலாம்னு சொன்னா.

போலீஸ் அம்மாவைப் பக்கத்து வீட்டு போன்லேர்ந்து கூப்பிட்டோம், ஞாயிற்றுக்கிழமைன்னு பாக்காம உடனே வாங்கன்னுட்டாங்க, நாளைக்கு ஸ்கூல் மணி அடிக்கறதுக்குள்ள செய்ய வேண்டியதைச் செஞ்சுடலாம்னாங்க. அம்மா செருப்பைப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கறா, கடைசி வரியை முடிக்க விடமாட்டேங்கறா. நீ எங்க இருந்தாலும் நோய் நொடி இல்லாம, நல்லவங்க நடுவுல, நிறைஞ்ச ஆயுசோட இருக்கணும்னு நானும் அம்மாவும் மனசார ஆசீர்வாதம் பண்றோம். ஒண்ணே ஒண்ணு மட்டும் மறந்துடாதே, அவ பிஸியான்னு கேட்டா ஒரு கையுறையையாவது கழட்டு.

இப்படிக்கு,
உன் அப்பா

கீழ ஒரு வரி இடம் வேணும்னு வாலு கேட்டா, விட்டிருக்கேன்.

அண்ணா, பிஸியா?